புதிய கட்சி தொடங்குவோர் கேட்பவை: வடசென்னையிலிருந்து ஒரு கேள்வி-பதில் தொகுப்பு

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு பகுதிகளில் சிறிய அளவில் ஒரு கட்சியைத் தொடங்க விரும்பும் இளைஞர்களும் குடியிருப்போர் சங்கத்தினரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கூடியவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன. சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களை இந்தியத் தேர்தல் ஆணையமும், மாநகராட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையமும் நடத்துகின்றன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவும். இந்த வேறுபாடு தெரியாமல் தடுமாறியவர்கள் பலர்.

கட்சி ஆரம்பிக்கணும்னா யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

எவரிடமும் வாங்க வேண்டியதில்லை. சங்கம் அமைக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது உறுப்பு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. 1949 செப்டம்பரில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில் திமுக தொடங்கப்பட்டபோது கட்சிப் பதிவு என்ற ஏற்பாடே கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு 1989-இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பதிவு முறை சட்டத்தில் இடம்பெற்றது. ஆகவே கட்சியைத் தொடங்குவது ஒன்று, தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்வது வேறொன்று.

பதிவு பண்ணாமலே தேர்தல்ல நிக்க முடியாதா அண்ணே?

நிற்கலாம், ஆனால் சட்டத்தின் பார்வையில் உங்கள் வேட்பாளர்கள் அனைவரும் சுயேச்சைகளே. 2018 மார்ச்சில் தொடங்கப்பட்ட அமமுக, 2019 மக்களவைத் தேர்தல் வந்தபோது இன்னும் பதிவு பெற்றிருக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை சென்ற பிறகே அதன் வேட்பாளர்களுக்குப் பரிசுப் பெட்டி பொதுச் சின்னமாக, அதாவது எல்லாருக்கும் ஒரே சின்னமாக, கிடைத்தது. அப்போதும் அவர்கள் சுயேச்சைகளாகவே கருதப்பட்டார்கள். அந்தக் கட்சிக்கு அத்தனை பெரிய வழக்கறிஞர்களை அமர்த்த வசதி இருந்தது, நமக்கு இருக்காது.

பதிவு பெற்றால் கட்சியின் பெயரில் நன்கொடை வாங்கவும், விதிகளுக்கு உட்பட்டு வருமான வரி விலக்குப் பெறவும், சின்னம் ஒதுக்கும்போது சுயேச்சைகளுக்கு முன்னால் நிற்கவும் முடியும். இவற்றுள் எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை என்றால் பதிவுக்கு அவசரப்பட வேண்டாம் என்பதே என் கருத்து. காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

நூறு பேர் இருந்தா போதுமாமே? நூறு பேர் நம்ம தெருவிலேயே இருக்காங்க!

நூறு பேர் இருப்பது வேறு, நூறு பேர் கையெழுத்திடுவது வேறு. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள குறைந்தது 100 உறுப்பினர்கள் ஒவ்வொருவரும், தாம் வாக்காளர் என்றும் வேறு எந்தக் கட்சியிலும் உறுப்பினர் அல்லர் என்றும், நோட்டரி முன்னிலையில் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். இந்த இரண்டாவது வரியில்தான் வடசென்னையின் உண்மை நிலவரம் தெரியவரும்.

நம் பகுதியில் ஒரு குடும்பத்தில் மூன்று கட்சி உறுப்பினர் அட்டைகள் இருப்பது புதிதல்ல. வாரியக் குடியிருப்பில் வீடு ஒதுக்கீடு, முதியோர் உதவித்தொகை, அடைத்துக்கொண்ட சாக்கடை, காவல் நிலையத்தில் சிக்கிக்கொண்ட பையன் என ஒவ்வொன்றுக்கும் வட்டச் செயலாளர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியிருப்பதால், அட்டை என்பது கொள்கையைக் காட்டிலும் ஒரு பாதுகாப்பாகவே வைத்துக்கொள்ளப்படுகிறது. அதைக் கைவிட்டேன் என்று முத்திரைத்தாளில் எழுதித் தரச் சொல்வது ஒருவரிடம் நாம் கேட்கும் பெரிய விலை. கூட்டத்துக்கு வந்து கைதட்டுபவர்களில் பாதிப்பேர் அந்தத் தாளைப் பார்த்ததும் “வீட்டுல கேட்டுட்டு வரேன்” என்பார்கள். அவர்களைக் குறை சொல்லவே கூடாது.

ஆகவே நூறு என்ற எண்ணைச் சட்டத்தின் சடங்காகக் கருதாமல், கட்சி இருக்கிறதா இல்லையா என்பதற்கான சோதனையாகக் கொள்ளுங்கள். பணம் கொடுத்து நூறு கையெழுத்து வாங்கித் தரும் ஆட்களும் உண்டு. அப்படிப் பதிவான கட்சிக்கு லெட்டர்பேடு மட்டுமே சொத்தாக இருக்கும். நூறு தாள்கள் மனமுவந்து சேரும்வரை சங்கமாகவோ மன்றமாகவோ இயங்குவதில் ஒரு நட்டமும் இல்லை.

30 நாளுக்குள்ள விண்ணப்பிக்கணும்னு சொல்றாங்க. எந்த நாள்ல இருந்து கணக்கு?

கட்சி அமைக்கப்பட்ட நாளிலிருந்து. அதைத் தாண்டி வரும் விண்ணப்பத்தை ஆணையம் காலம் கடந்ததாகக் கருதும். இதை அறியாதவர்கள், முதலில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பட்டாசு வெடித்துப் பெயரை அறிவித்துவிட்டு, மூன்று மாதங்கள் கழித்துத் தாள்களைத் தேடத் தொடங்குகிறார்கள்.

வரிசையை மாற்றுங்கள். சட்டவிதி, நூறு பிரமாணப் பத்திரங்களுக்கான ஆட்கள், அவர்களுடைய வாக்காளர் பட்டியல் நகல்கள், அலுவலக முகவரிக்கு வீட்டு உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் ஆகிய அனைத்தையும் ஆயத்தம் செய்த பிறகு தொடக்கக் கூட்டத்தை நடத்தி, அன்றைய தேதியிலேயே தீர்மானப் புத்தகத்தில் பதிந்து கையெழுத்து வாங்குங்கள். வாடகை வீட்டில் அலுவலகம் வைப்பவர்கள் உரிமையாளரிடம் முன்பே பேசிவிட வேண்டும், “கட்சி ஆபீஸா?” என்று கேட்டுப் பின்வாங்குபவர்களே அதிகம்.

கட்சியோட சட்டவிதில என்னென்ன இருக்கணும்? நெட்ல இருந்து எடுத்துப் போட்டா ஆகாதா?

அரசியலமைப்பின்மீது உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்போம், சோசலிசம், மதச்சார்பின்மை, மக்களாட்சிக் கோட்பாடுகளைப் பின்பற்றுவோம், நாட்டின் இறையாண்மையையும் ஒற்றுமையையும் ஒருமைப்பாட்டையும் காப்போம் என்ற உறுதிமொழி சட்டம் கூறும் வாசகத்திலேயே இருக்க வேண்டும். அதில் ஒரு சொல் பிடிக்கவில்லை என்று விட்டுவிட முடியாது. உட்கட்சித் தேர்தல் குறித்த விதியும் வேண்டும். பொறுப்பாளர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. பதிவான ஐந்து ஆண்டுகளுக்குள் ஆணையம் நடத்தும் தேர்தலில் போட்டியிடுவோம் என்ற விதியும், இணைப்பு, கலைப்பு பற்றிய விதிகளும் கட்டாயம்.

மற்றக் கட்சிகளின் விதிகளைப் படித்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஐந்து இலட்சம் உறுப்பினர் கொண்ட கட்சியின் விதியை அப்படியே எடுத்தால், மாவட்டம், ஒன்றியம், பேரூர் என்று உங்களிடம் இல்லாத அமைப்புகளுக்கெல்லாம் தேர்தல் நடத்தக் கடமைப்படுவீர்கள். வட்டம், பகுதி, பொதுக்குழு என்ற மூன்று அடுக்குகள் சென்னையில் தொடங்கும் ஒரு சிறிய கட்சிக்குப் போதும். வங்கிக் கணக்கை யார் யார் கூட்டாகக் கையெழுத்திட்டு இயக்குவது என்பதை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள். சண்டை அங்கேதான் வரும்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

ஆணையத்துக்குச் செலுத்தும் கட்டணம் 10,000 ரூபாய். அதைவிடப் பெரிய செலவு அறிவிப்பு விளம்பரம். கட்சியின் பெயரை இரண்டு தேசிய நாளிதழ்களிலும் இரண்டு உள்ளூர் நாளிதழ்களிலும் இரண்டு நாட்கள் வெளியிட்டு, 30 நாட்களுக்குள் ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்குமாறு கேட்க வேண்டும். நோட்டரிக் கட்டணத்தை நூறால் பெருக்கிப் பார்க்கவும் மறந்துவிடாதீர்கள்.

பேர், கொடி எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணிட்டோம். பிரச்சினை வருமா?

ஏற்கெனவே உள்ள கட்சிப் பெயரை ஒத்திருந்தாலோ மதத்தைச் சுட்டினாலோ பெயர் ஏற்கப்படாது. தமிழ்நாட்டில் ‘முன்னேற்ற’, ‘மக்கள்’, ‘கழகம்’ ஆகிய சொற்களை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் யாரோ ஒருவர் முன்பே அடுக்கியிருப்பார் என்பதால், இரண்டு மூன்று மாற்றுப் பெயர்களைக் கையில் வைத்திருங்கள். கொடியின் வடிவத்தை ஆணையம் ஒழுங்குபடுத்துவதில்லை.

சின்னம் எப்போ கிடைக்கும்?

பதிவு பெற்றவுடன் சின்னம் வந்துவிடும் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. நிரந்தரச் சின்னம் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டுமே. அங்கீகாரத்துக்குச் சட்டமன்றத் தேர்தலில் 6 விழுக்காடு வாக்குகளும் இரண்டு உறுப்பினர்களும், அல்லது 8 விழுக்காடு வாக்குகள் என்பன போன்ற அளவுகோல்கள் உள்ளன. பதிவு மட்டும் பெற்ற கட்சி, ஒரு தேர்தலுக்குப் பொதுச் சின்னம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்கான காலம் அவையின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பு தொடங்குகிறது; ஒரே சின்னத்தைப் பலர் கேட்டால் முதலில் கேட்டவருக்கே முன்னுரிமை. 2019, 2021 தேர்தல்களில் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்ற நாம் தமிழர் கட்சி, 2024-இல் வேறொரு கட்சி முந்திக்கொண்டதால் அதை இழந்து, ஒலிவாங்கிச் சின்னத்தில் போட்டியிட நேர்ந்தது. அத்தனை பேருக்குத் தெரிந்த சின்னமே அப்படிப் போயிற்று.

வடசென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. சட்டமன்றத் தேர்தலில் பொதுச் சின்னம் கேட்கக் குறைந்தது 5 விழுக்காட்டுத் தொகுதிகளில் நிற்க வேண்டும். 234 தொகுதிகளில் அது 12 ஆகிறது. வடசென்னை மக்களவைத் தொகுதிக்குள் வருபவையோ திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறுதான். ஆகவே இங்கே மட்டும் நிற்கும் கட்சிக்குப் பொதுச் சின்னம் கிடைக்காது. ஒவ்வொரு தொகுதியிலும் தனித்தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். அப்போது சுயேச்சைகளுக்கு முன் உங்களுக்கு முன்னுரிமை உண்டு என்பது மட்டுமே ஆறுதல். சின்னத்துக்காக 12 தொகுதிகளில் பெயருக்கு ஆள் நிறுத்துவதைவிட, ஒரே தொகுதியில் வீடு வீடாகச் சென்று சின்னத்தைப் பதிய வைப்பது நல்லது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகரில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் வென்றார். அவருடைய வளமும் பெயரும் நம்மிடம் இல்லைதான். ஆனால் ஒரு புதிய சின்னத்தைச் சில வாரங்களில் ஒரு தொகுதி முழுவதும் அறியச் செய்ய முடியும் என்பதற்கு அது சான்று.

காசு யார் கொடுப்பா? உண்டியல் குலுக்கலாமா?

குலுக்கலாம், ஒவ்வொரு நாளும் இரண்டு பேர் முன்னிலையில் எண்ணிப் பதிந்து, வங்கியில் கட்டிவிட வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாக வாங்கினால் கட்சிக்கு வரி விலக்குப் போய்விடும். ஓர் ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர்களின் விவரத்தை ஆணையத்துக்கு அறிக்கையாகத் தர வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் தேவை. சிங்கப்பூரிலோ துபாயிலோ உள்ள உறவினர் இந்தியக் குடிமகனாக இருந்தால் நன்கொடை தரலாம். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவரிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது.

சட்டத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு. சரக்குப் பெட்டக லாரி வைத்திருப்பவரோ, கட்டுமானத் தொழில் செய்பவரோ முதல் மாதமே “அலுவலக வாடகை என் பொறுப்பு” என்று முன்வருவார். ஓராண்டு கழித்து வட்டப் பொறுப்பாளரை அவர்தான் முடிவு செய்வார். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுக்கும் பெண்கள், வண்ணாரப்பேட்டைத் துணிக்கடைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோரிடமிருந்து மாதம் ஐம்பது நூறு என்று வரும் பணம் அந்த வாடகைக்குப் போதாமலிருந்தால், அலுவலகம் இல்லாமலே நடத்துங்கள்.

கொடிக்கம்பம் நடலாமா? பேனர் வைக்கலாமா?

பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2025 ஜனவரியில் உத்தரவிட்டு, அது மேல்முறையீடுகளுக்கும் உள்ளானது. புதிய கட்சி இந்தச் சிக்கலுக்குள் தலையை விட வேண்டிய தேவையே இல்லை. 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகும் பேனர் வைத்துத்தான் கட்சி நடத்துவேன் என்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

தெருமுனைக் கூட்டம் போட என்ன செய்யணும்?

காவல் நிலையத்தில் பல நாட்களுக்கு முன்பே எழுத்துப்பூர்வமாக விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்வது கடினம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு மின்சாரம் எடுக்காதீர்கள்.

முதல்ல கார்ப்பரேஷன்ல நிக்கலாமா, நேரா சட்டமன்றமா?

மாநகராட்சியே முதல் படி என்பேன். சென்னையில் 200 வார்டுகள் உள்ளன. ஒரு வார்டு என்பது நடந்தே சுற்றிவிடக்கூடிய பரப்பு. மேயரைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் முறை இருப்பதால், ஒன்றிரண்டு கவுன்சிலர் இருந்தாலும் மன்றத்தில் பேச இடம் கிடைக்கும். சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அது திரும்ப வராது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சட்டவிதி பற்றிய பதிலில் சொன்ன ஐந்தாண்டு விதி, இந்தியத் தேர்தல் ஆணையம் நடத்தும் தேர்தலையே குறிக்கிறது. வார்டில் வென்றாலும் அது இந்தக் கணக்கில் சேராது. 2019-க்குப் பிறகு ஆறு ஆண்டுகளாகத் தேர்தலில் நிற்காத 334 கட்சிகள் 2025 ஆகஸ்டிலும், மேலும் 474 கட்சிகள் செப்டம்பரிலும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எனவே பதிவு பெற்ற பிறகு, வெற்றி வாய்ப்பு இல்லாவிட்டாலும் ஒரு சட்டமன்றத் தொகுதியிலேனும் நின்றாக வேண்டும். திமுகவே தொடங்கி எட்டு ஆண்டுகள் கழித்து 1957-இல்தான் தேர்தலில் இறங்கியது. இன்று பதிவு செய்துவிட்டு அப்படிக் காத்திருக்க முடியாது. பதிவுக்கு அவசரப்பட வேண்டாம் என்று முன்பு சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேட்புமனுவைத் தள்ளிடுவாங்கன்னு பயமா இருக்கு.

நியாயமான பயம். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். உங்களுக்குப் பத்துப் பேர் வேண்டும், பத்துப் பேரும் அதே தொகுதியின் வாக்காளர்களாக இருக்க வேண்டும். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்தும் கூவம் கரையிலிருந்தும் பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் மாற்றப்பட்ட குடும்பங்கள் இன்னும் நம் பகுதியோடு தொடர்பில் இருப்பதால், பெயர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாமல் கையெழுத்திட்டுவிடுவார்கள். நடப்புப் பட்டியலின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் நீங்களே பார்த்துச் சரிசெய்யுங்கள். சுமார் பதினைந்து பேரை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மனுக்களைத் தாக்கல் செய்யுங்கள்.

தேர்தல் இல்லாத காலத்துல கட்சி என்ன பண்றது?

கட்சி உருவாவதே அந்தக் காலத்தில்தான். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் மழைநீர், கொடுங்கையூர் குப்பைமேடு, எண்ணூரின் நிலக்கரிச் சாம்பல், 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய் ஆகியவற்றுக்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேச ஆள் இருக்கிறது. விடாமல் கோப்பைப் பின்தொடர ஆள் இல்லை. ஒரு தெருவின் மழைநீர் வடிகால் பணி யாருக்கு, எவ்வளவுக்கு, எந்தத் தேதிக்குள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, வந்த பதிலை அந்தத் தெருவிலேயே படித்துக்காட்டுங்கள். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் எப்போது என்று விசாரித்து, பத்துப் பேரோடு சென்று அமருங்கள்.

வட்டச் செயலாளர் செய்வதையே நாமும் செய்தால் அவரிடம் உள்ள அதிகாரம் நம்மிடம் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். எனவே மனுவை வாங்கி நாமே கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, மனு எழுதவும் ஒப்புகை வாங்கவும் அந்தக் குடும்பத்தையே பழக்குவது மேல். அப்படிப் பழகியவரே நூறு பேரில் ஒருவராகக் கையெழுத்திடுவார்.

ஓட்டுக்குக் காசு கொடுக்காம இங்க ஜெயிக்க முடியுமா சார்? உண்மையைச் சொல்லுங்க.

முதல் முறையில் பெரும்பாலும் முடியாது. பணம் தருவது குற்றம் என்பது எல்லாருக்கும் தெரியும். 2017 ஏப்ரலில் நடக்கவிருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப்பட்டுவாடாவுக்காகவே ரத்து செய்யப்பட்டது. ஆனால் அதன் பிறகும் பழக்கம் நின்றுவிடவில்லை. நம்மிடம் இல்லாத பணத்தோடு போட்டி போடுவதும், வாங்குபவர்களைத் திட்டுவதும் ஒன்றுக்கும் உதவா.

செய்யக்கூடியது, இலக்கைச் சிறிதாக்குவது. ஒரு தொகுதியில் முப்பது வாக்குச்சாவடிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் காலை மாதிரி வாக்குப்பதிவு முதல் இயந்திரத்துக்கு முத்திரை வைக்கும்வரை உட்காரும் ஒரு முகவரை உருவாக்குங்கள். முகவருக்கு 17-சி படிவத்தின் நகல் கிடைக்கும். எந்தச் சாவடியில் எத்தனை வாக்குகள் பதிவாயின என்பதற்கு அதுவே ஆவணம். எண்ணிக்கைக்குப் பிறகு சாவடி வாரியான முடிவோடு அதை வைத்துப் பார்த்தால், அடுத்த ஐந்தாண்டுகள் எந்தத் தெருவில் வேலை செய்ய வேண்டும் என்பது விளங்கும்.

பெரிய கட்சி கூட்டணிக்குக் கூப்பிட்டு, “எங்க சின்னத்துல நில்லுங்க”ன்னா என்ன செய்யறது?

அதன் விலையை அறிந்து முடிவு செய்யுங்கள். அவர்கள் சின்னத்தில் நிற்க, அவர்கள் கட்சியின் வேட்பாளராகவே மனு செய்ய வேண்டும். வென்றால் சட்டத்தின் முன் அந்தக் கட்சியின் உறுப்பினர். அதன் கொறடா உத்தரவும் கட்சித் தாவல் தடைச் சட்டமும் அவரைக் கட்டுப்படுத்தும். வாக்குகளும் அவர்கள் கணக்கில்தான் சேரும், உங்கள் அங்கீகாரத்துக்கு உதவா.

விடுதலைச் சிறுத்தைகள் 2019-இல் விழுப்புரத்தில் உதயசூரியனிலும் சிதம்பரத்தில் பானையிலும் நின்று இரண்டிலும் வென்றார்கள். 2024-இல் இரண்டிலும் பானையிலேயே நின்று வென்ற பிறகுதான் மாநிலக் கட்சி அங்கீகாரம் கிடைத்தது. பேரம் பேசும் வலு இல்லாத கட்சிக்குத் தன் சின்னத்தில் ஒரு வார்டு, பிறர் சின்னத்தில் கிடைக்கும் ஒரு தொகுதியைவிடப் பயனுள்ளது என்பது என் எண்ணம். இதில் என்னோடு மாறுபடுவோர் உண்டு. உறுப்பினர் இல்லாத கட்சியை யார் மதிப்பார்கள் என்று கேட்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்விதான்.

உள்ளேயே ரெண்டா பிரிஞ்சா கட்சி யாருக்கு?

சிறிய கட்சிகளில் இது பெரிய கட்சிகளைவிட விரைவாக நடக்கும். பொறுப்பாளர் மாற்றம், முகவரி மாற்றம் ஆகியவை ஆணையத்துக்கு உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டிருந்தால், கடைசியாகப் பதிவில் உள்ள பட்டியலே பேசும். தெரிவிக்காமல் விட்டிருந்தால் இரு தரப்பும் தத்தம் பொதுக்குழுவைக் காட்டும். தீர்மானப் புத்தகம், கூட்ட அறிவிப்பை அனுப்பியதற்கான அஞ்சல் சான்று, வந்தவர்களின் கையெழுத்து ஆகியவற்றை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கும். அதனால் தீர்மானப் புத்தகத்தைத் தலைவர் வீட்டில் வைக்காதீர்கள். செயலாளரிடம் மூலமும் பொருளாளரிடம் நகலும் இருக்கட்டும். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும், தேநீர் வருவதற்கு முன்பே கையெழுத்துகளை வாங்கிவிடுங்கள்.